அசெம்பிளி யாருக்கு வேண்டாம்?

இராமநாதபுரம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேச வருகிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். "அசெம்பிளி எல்லாம் அந்தக் காலம். இப்ப யாரும் தொடுறதில்ல. அதைப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்காம பைத்தான் படிங்க, கிளவுட் படிங்க, வேலைக்குத் தயாராகுங்க." மாணவர்கள் கைதட்டுகிறார்கள். ஏன் தட்டமாட்டார்கள்? ஒரு கஷ்டமான பாடம் தேவையில்லை என்று பெரிய இடத்திலிருந்து வந்த ஒருவரே சொல்லிவிட்டார். பின்வரிசையில் உட்கார்ந்து இந்தப் பேச்சை மூன்று நான்கு முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். இது யாருக்கு வேண்டாம்?

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசெம்பிளியில் நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இன்று பெரும்பாலானோருக்கு இல்லை. அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் முன்பைவிட இப்போது அதிகம். இந்தக் கரையிலிருந்து கிளம்பிப் போகிற பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். எழுதுவதையும் படிப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் ‘வேண்டும்’ கட்சியும் ‘வேண்டாம்’ கட்சியும் இத்தனை வருடங்களாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன.

கணினித் துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம். பிராசசருக்கு நாம் எழுதுகிற பைத்தானும் தெரியாது, சி மொழியும் தெரியாது. எண்களாக வரும் சில எளிய கட்டளைகள்தான் தெரியும். இந்தப் பெட்டியில் இருப்பதை அந்தப் பெட்டிக்கு மாற்று, இரண்டையும் கூட்டு, விடை பூஜ்யம் என்றால் அந்த இடத்துக்குத் தாவு என்று அவ்வளவுதான். அந்தப் பெட்டிகளுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். அந்தக் கட்டளைகளுக்கு மனிதர்கள் வைத்த சுருக்கப் பெயர்கள்தான் அசெம்பிளி. மேலே எந்த மொழியில் எழுதினாலும் கடைசியில் இங்கேதான் வந்து இறங்கவேண்டும். இறக்கிவைக்கிற வேலையைச் செய்வது கம்பைலர்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 பாடத்திட்டங்களில் கணினி அறிவியல் மாணவர்களுக்கு மைக்ரோபிராசசர், மைக்ரோகன்ட்ரோலர் என்று ஒரு முழுத் தாளும் அதற்கென்று தனி ஆய்வகமும் இருந்தன. 2021 பாடத்திட்டத்தில் அந்தத் தனித்தாள் போய்விட்டது. எம்பெடட் சிஸ்டமும் ஐ.ஓ.டி.யும் சேர்ந்த ஒரு தாளின் முதல் அலகாகச் சுருங்கி, சிமுலேட்டரில் சில பயிற்சிகளோடு முடிந்துவிடுகிறது. இதற்காக யாரும் போராட்டம் நடத்தவில்லை. நடத்தியிருக்கவும் முடியாது. ஏனென்றால் அந்தப் பழைய ஆய்வகம் எப்படி நடந்தது என்பது அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

நானும் அதில் உட்கார்ந்தவன்தான். ஒரு 8085 கிட், அதில் அட்டைபோல ஒரு விசைப்பலகை, சிவப்பாக எரியும் ஆறு எழுத்துக்கட்டங்கள். நிரல் 4100 என்ற முகவரியில் தொடங்கும், எண்கள் 4150இல் இருக்கும். ஏன் 4100 என்று நாங்கள் கேட்டதில்லை, கேட்டவனுக்கும் பதில் கிடைத்ததில்லை. சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து எண்களைப் பார்த்துப் பார்த்து அடிப்போம். கடைசியில் 76, அதாவது நில். விடை வந்தால் கையெழுத்து, வராவிட்டால் பக்கத்து மேசையின் கிட்டில் போய் அடித்துக் காட்டிக் கையெழுத்து. பல பேர் ஒரு செமஸ்டர் முழுக்க இப்படி அடித்துவிட்டு, ரெஜிஸ்டர் என்பது உண்மையில் ஒரு பொருள் என்று தெரியாமலேயே வெளியே போனார்கள். இது கல்வியல்ல, பூசை. இன்று அந்தப் பூசையை நினைத்து உருகுகிறவர்கள் ‘வேண்டும்’ கட்சியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். "நாங்கெல்லாம் ஹெக்ஸ்ல அடிச்சவங்கப்பா" என்று தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் தூக்கு இணைப்பைத் தொழிலாளர்கள் கையால் நெம்பிச் சுற்றித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி மோட்டாரில் செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. நான் பாம்பன்காரன், அந்தப் பழைய பாலம் திறப்பதை வாய் பிளந்து பார்த்து வளர்ந்தவன். இருந்தாலும் இனியும் கையால்தான் சுற்றவேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் புதிய பாலத்தைப் பராமரிக்கிற பொறியாளருக்கு இரண்டு கோபுரங்களிலும் தொங்குகிற எதிர்எடைகள் எதற்கு என்று தெரியவேண்டாமா? பொத்தானை அமுக்கத் தெரிந்தால் போதும் என்று அவரிடம் யாராவது சொல்வார்களா?

‘வேண்டாம்’ கட்சியின் வாதங்களில் பாதி உண்மை. அதை மறுக்கிற முட்டாள்தனத்தை நான் செய்யப்போவதில்லை. இன்றைய கம்பைலர் என்னைவிட நன்றாக அசெம்பிளி எழுதும். இன்றைய பிராசசர்கள் கட்டளைகளை வரிசை மாற்றி, ஒரே நேரத்தில் பலவற்றைச் செய்து முடிக்கின்றன. எது வேகம், எது தாமதம் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது வல்லுநர்களுக்கே சிரமம். வலைத்தளமும் வங்கிச் செயலியும் எழுதுகிறவர் தன் வாழ்நாளில் ஒரு வரி அசெம்பிளி எழுதாமல் ஓய்வு பெறலாம். நான் எம்பெடட் துறையில் இருபது வருடம் ஓட்டியவன். இதுவரை கையால் எழுதிய அசெம்பிளி ஐந்நூறு வரி தேறாது. ஆனால் படித்தது? கணக்கே இல்லை. வாரத்துக்கு இரண்டு முறையாவது கம்பைலர் என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்காமல் என் வேலை ஓடியதில்லை.

இதைப் பொதுவாகச் சொன்னால் எடுபடாது. ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு புராஜெக்ட்களில் ‘மீனவர்களுக்கான எல்லை எச்சரிக்கைக் கருவி’ என்பது ஒரு நிரந்தரத் தலைப்பு. ஒரு ஆர்டுயினோ பலகை, ஒரு ஜி.பி.எஸ். மாட்யூல், ஒரு சின்னத் திரை, ஒரு பஸ்ஸர். படகு சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் பஸ்ஸர் கத்தும். திருச்சியிலும் ஈரோட்டிலும் கடலையே பார்க்காத பிள்ளைகள்கூட இதைச் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். (இதில் ஒரு கற்பனை இருக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லை தெரியாமல் தாண்டுகிறார்கள் என்ற கற்பனை. விசைப்படகு வைத்திருக்கிற எல்லாரிடமும் ஜி.பி.எஸ். இருக்கிறது. பாக் நீரிணையில் மீன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போகிறார்கள். அது வயிற்றுப் பிரச்சினை, இழுவைமடிப் பிரச்சினை, 1974, 1976 ஒப்பந்தங்களின் பிரச்சினை. பஸ்ஸர் அதைத் தீர்க்காது. இரவில் எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டுப் போகிற சின்னப் படகுக்கு அது உதவலாம். அதுவும் வேலை செய்தால்.)

இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் புராஜெக்ட் கண்காட்சிக்கு என்னை மதிப்பீட்டாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். மூன்று பையன்கள் இந்தக் கருவியைச் செய்துவைத்திருந்தார்கள். அதில் ஒருவனுக்குத் தங்கச்சிமடம். அப்பாவுக்கு நாட்டுப்படகு. மற்றவர்களுக்கு இது மதிப்பெண், அவனுக்கு அப்படியில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. லேப்டாப்பிலிருந்து ஒரு படகின் பாதையைக் கருவிக்குள் அனுப்பினார்கள். திரையில் எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று கிலோமீட்டரில் வரவேண்டும். 3.81 என்று காட்டியது. படகு நகர்ந்தது. 3.81. இன்னும் நகர்ந்தது. 3.11. பிறகு சட்டென்று 2.20. பிறகு 0.00. நடுவில் எதுவும் இல்லை. மறுபடி 2.20.

"தம்பி, நடுவுல எல்லாம் எங்கப்பா போச்சு?"

"மாட்யூல் சரியில்ல சார். வேற ஒண்ணு வாங்கிப் போட்டோம், அதுவும் இப்படித்தான் குதிக்குது."

வாங்கிப் போட்டிருக்கிறார்கள், சொந்தக் காசில். வழிகாட்டி ஆசிரியர் ‘சராசரி எடுத்துக் காட்டுங்க’ என்று சொல்லியிருக்கிறார். அதையும் செய்திருக்கிறார்கள், குதிப்பது கொஞ்சம் மெதுவாகக் குதித்தது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டிருக்கிறார்கள். அது நிரலைப் பார்த்துவிட்டு, துல்லியம் போதவில்லை, ஃப்ளோட் என்று இருப்பதை எல்லாம் டபுள் என்று மாற்றுங்கள் என்றிருக்கிறது. நல்ல யோசனைதான். மாற்றினார்கள். ஒரு மாற்றமும் இல்லை. அதனால் மறுபடி மாட்யூல் மேலேயே சந்தேகம்.

ஃப்ளோட் என்பது தசம எண்ணை நான்கு பைட்டில் வைக்கும். ஏறத்தாழ ஏழு இலக்கம் வரைதான் சரியாக இருக்கும். டபுள் எட்டு பைட், பதினைந்து இலக்கம். இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்தியது கோசைன் சூத்திரம். புள்ளிகள் பக்கத்தில் இருந்தால் அந்தக் கோசைன் 0.9999999 என்று ஒன்றுக்கு மிக அருகில் போய்விடும். தூரம் பற்றிய தகவல் முழுக்க ஒன்றுக்கும் அதற்கும் உள்ள அந்த நூலிழை வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நான்கு பைட்டில் ஒன்றுக்குக் கீழே எழுதமுடிகிற முதல் எண்ணுக்கு உரிய தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர் என்று வைத்தால் 2.20 வரும். அதற்கு அடுத்த எண்ணுக்கு 3.11. அதற்கும் அடுத்ததற்கு 3.81. திரையில் வந்த அதே எண்கள். ஜி.பி.எஸ். மாட்யூல் பாவம், அது ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆனால் டபுள் என்று மாற்றியாயிற்றே? இங்கேதான் அசெம்பிளி வருகிறது. அவர்களுடைய லேப்டாப்பிலேயே, கம்பைல் ஆன கோப்பைப் பிரித்து அசெம்பிளியாகக் காட்டும் கருவி ஆர்டுயினோவோடு சேர்ந்து வந்திருக்கிறது. யாரும் அதுவரை திறந்ததில்லை. திறந்து, பெருக்கல் நடக்கும் இடத்தைக் காட்டினேன். ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது எட்டு பிட் பிராசசர். ஒரு ரெஜிஸ்டரில் ஒரு பைட்தான் பிடிக்கும். எண்ணை எடுத்துக்கொண்டுபோய் 22, 23, 24, 25 என்ற நான்கு ரெஜிஸ்டர்களில் வைத்துவிட்டுப் பெருக்கும் துணைநிரலைக் கூப்பிடுகிறது. "எத்தனை பெட்டி?" என்று கேட்டேன். தங்கச்சிமடத்துப் பையன் விரல் வைத்து எண்ணினான். "நாலு." "டபுளுக்கு எத்தனை வேணும்?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "எட்டு... அப்ப நாம டபுள்னு எழுதினதை அது மதிக்கவே இல்லையா சார்?"

மதிக்கவில்லை. அந்தப் பலகையின் கம்பைலரில் டபுள் என்று எழுதினாலும் ஃப்ளோட்தான். கூப்பிடுகிற துணைநிரலின் பெயரிலேயே ஒற்றைத் துல்லியம் என்பதற்கான இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அரை நிமிடம் பார்த்தால் தெரிகிற உண்மை, இரண்டு மாதம் இரண்டு மாட்யூல்களைத் தின்றிருக்கிறது.

இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று புரிந்தது அதற்குப் பிறகுதான். படகைக் கோட்டுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தச் சொன்னேன். ஓரிடத்தில் திரையில் தூரத்துக்குப் பதிலாக ‘எண் அல்ல’ என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள் வந்தன. பஸ்ஸர் வாயை மூடிக்கொண்டது. நான்கு பைட் கணக்கில் சேர்கிற பிசிறால் சில புள்ளிகளில் கோசைன் ஒன்றைத் தாண்டிவிடும். ஒன்றைத் தாண்டிய கோசைனுக்குக் கோணம் கிடையாது, ஆகவே ‘எண் அல்ல’. ‘தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவா?’ என்று நிரல் கேட்கிறது. எண் அல்லாததை எதோடு ஒப்பிட்டாலும் பதில் ‘இல்லை’. இல்லை என்றால் பஸ்ஸர் அடிக்கவேண்டாம். அதாவது கோட்டுக்கு மேலேயே படகு நிற்கும்போது கருவி ‘ஒன்றும் பிரச்சினையில்லை’ என்று சும்மா இருக்கும். 1974 ஒப்பந்தக் கோடு கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிப் போகிறது. அந்த ஒரு மைலைவிடப் பெரியது இந்தக் கருவி ஒரே தாவலில் விழுங்குகிற 2.2 கிலோமீட்டர். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. படகு போகும், ஆள் சிறைக்குப் போவான்.

சரிசெய்வது எளிது. சூத்திரத்தையே தூக்கிப் போட்டுவிடலாம். ஜி.பி.எஸ். மாட்யூல் இடத்தைப் பாகை, நிமிடம், நிமிடத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று எழுத்தாகத்தான் அனுப்புகிறது. அதை முழு எண்ணாகவே வாங்கி, முதலில் கழித்து, பிறகு பெருக்கினால் போதும். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஒரு சாணுக்கும் குறைவு. "ஒரு நிமிசம் ஒரு மைலுன்னு எங்க அப்பாவே சொல்லும் அண்ணே" என்றான். அதற்குள் சார் போய் அண்ணன் ஆகியிருந்தேன்.

இந்தக் கதையை நண்பர்களிடம் சொன்னபோது ‘வேண்டாம்’ கட்சிக்காரர் ஒருவர் உடனே மடக்கினார். "இதுக்கு எதுக்குய்யா அசெம்பிளி? ஊனோல டபுள்னா நாலு பைட்தான்னு ஆர்டுயினோ ஆவணத்துலயே போட்டிருக்கான். அதைப் படிச்சா போதுமே." உண்மை, போட்டிருக்கிறது. ஆனால் ஆவணத்தில் ஆயிரம் விஷயம் போட்டிருக்கிறது. எதைத் தேடவேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் ஆவணம் பேசும். அந்தப் பையன்கள் ‘டபுள்’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் ஒரே பொருள் தருகிற இயற்கை விதி என்று நினைத்திருந்தார்கள். அது ஒரு இயந்திரத்தில் சில பெட்டிகளாக இறங்குகிற விஷயம், இயந்திரம் மாறினால் பெட்டிகளின் எண்ணிக்கையும் மாறலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. வந்திருந்தால் தேடியிருப்பார்கள். அசெம்பிளி படிப்பதால் கிடைக்கும் முதல் லாபம் வேகமான நிரல் அல்ல, சரியான இடத்தில் சந்தேகப்படத் தெரிவது. அது இல்லாதவன் மாட்யூலைச் சந்தேகப்படுவான், வயரைச் சந்தேகப்படுவான், கடைசியில் தன் மூளையையே சந்தேகப்படுவான். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் அந்த மூன்றாவது இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட பெட்டிக் கணக்குகள் புராஜெக்ட் மேசையோடு முடிவதுமில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் அனுப்பும் வார எண்ணுக்கு 10 பிட் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். 1024 வாரங்களில் அது நிரம்பி மறுபடி பூஜ்யமாகும். 1999 ஆகஸ்டில் ஒரு முறை ஆனது, 2019 ஏப்ரல் 6ஆம் தேதி இரவு இரண்டாம் முறை. அடுத்தது 2038 நவம்பரில். அதே 2038இல் ஜனவரி 19ஆம் தேதி, 1970லிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருக்கும் பழைய நிரல்களின் கடிகாரம் வழிந்துவிடும். இன்று படகில் பொருத்துகிற பெட்டி அன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பிருக்கிறது. அதைத் திறந்து பார்க்கிற ஆள் யார்?

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்தக் கேள்வியே காலாவதி ஆகிவிட்டது என்கிறார்கள். தமிழில் சொன்னாலே நிரல் எழுதிக் கொடுக்கிறது, இனி சி மொழியே வேண்டாம், நீங்கள் அசெம்பிளியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்கிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. எழுதுகிற வேலை மலிவாகிவிட்டால் மிஞ்சுவது சரிபார்க்கிற வேலை. எழுதியது யார் என்று தெரியாத, எழுதியவரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாத நிரலைச் சரிபார்ப்பவனுக்கு எவ்வளவு ஆழம் வரை இறங்கத் தெரிகிறதோ அவ்வளவுதான் அவன் மதிப்பு. மேற்கண்ட கதையில் இயந்திரம் சொன்ன யோசனை பொய்யல்ல, மேசைக் கணினியில் அது சரியான மருந்து. அந்தப் பலகையில் சரியல்ல. எந்தப் பலகையில் ஓடுகிறது என்று திறந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

2024 மார்ச்சில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஆன்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினிக்குள் எஸ்.எஸ்.எச். வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடி! நம்மில் யாராக இருந்தாலும் நெட் ஸ்லோ என்று விட்டிருப்போம். அவர் பிராசசரின் நேரம் எந்த நிரல்பகுதியில் செலவாகிறது என்று கீழே இறங்கித் தேடினார். எக்ஸ்-இசட் என்ற சாதாரணச் சுருக்கு நிரலுக்குள், லினக்ஸ் கணினிகளுக்குள் யாரோ ரகசியமாக நுழைவதற்கான கதவு ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் கதவு எல்லாரும் படிக்கிற சி மூலநிரலில் இல்லை. ஏற்கெனவே இயந்திரமொழியாக்கப்பட்டு, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கிடந்தது. மூலநிரலை மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் பல வருடம் உற்றுப் பார்த்தாலும் அது தெரிந்திருக்காது.

கையால் எழுதுகிறவர்களும் ஒழிந்துபோய்விடவில்லை என்பதையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஏ.வி.1 வீடியோவை விரித்துக் காட்டும் ‘டேவ்-ஒன்-டி’ என்ற திறமூல நிரலில் சி வரிகளைவிடக் கையால் எழுதிய அசெம்பிளி வரிகள் பல மடங்கு. 2024இல் அது ஆண்ட்ராய்டு போன்களுக்கும் வந்துவிட்டது. பாம்பன் பாலத்தடியில் உட்கார்ந்து மலிவு போனில் வீடியோ பார்க்கிற பையனின் பேட்டரி சாயங்காலம் வரை நிற்பதில் யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதிய அசெம்பிளிக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் இதை வைத்து நான் வாதாடப்போவதில்லை. அந்த வேலைக்கு உலகம் முழுக்கச் சில நூறு பேர் போதும்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். யாருக்கு வேண்டாம்? சென்னை ஐ.ஐ.டி.யில் வேண்டாம் என்று சொல்கிறார்களா? அங்கே பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் பிறந்த ரிஸ்க்-5 என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை எடுத்து ‘சக்தி’ என்ற பிராசசர்களை உருவாக்கியது. 2018இல் அந்தச் சில்லில் லினக்ஸ் ஓடியது. திருவனந்தபுரத்தில் சி-டாக் நிறுவனம் ‘வேகா’ பிராசசர்களைச் செய்கிறது. 2022இல் ஒன்றிய அரசு ரிஸ்க்-5க்கென்றே ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்தது. அந்த வளாகங்களில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை கட்டளை வரிவரியாக இயந்திரத்தைப் பிரித்துப் படிக்கிறாள். அவளுக்கு யாரும் வந்து "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கைதட்டல் வாங்குவதில்லை. வாங்கமுடியாது, சிரித்துவிடுவார்கள்.

‘வேண்டாம்’ என்ற அறிவுரை இராமநாதபுரத்துக்கும் விருதுநகருக்கும் மட்டுமே பஸ் ஏறி வருகிறது. 2018இல் நிதி ஆயோக் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இருந்தவை இந்த இரண்டு மாவட்டங்கள்தான் என்பதைச் சும்மா நினைவூட்டுகிறேன். முன்னேற விழைகிறவனுக்குச் சுருக்குவழி சொல்லித் தருகிறார்களாம். மேல்தளத்தில் நாற்காலி போடக் கற்றுக்கொள், அடித்தளத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அதற்குப் பொருள். அந்த மேல்தள வேலைகள்தான், அதாவது படிவத்தில் ஒரு கட்டம் சேர்ப்பது, அறிக்கையை வேறு நிறத்தில் காட்டுவது, சோதனை வழக்குகளை எழுதுவது போன்றவைதான், இப்போது இயந்திரத்தால் முதலில் கொத்திக்கொண்டு போகப்படுகின்றன. அந்த வேலைகளுக்கென்றே நான்கு வருடம் தயார்செய்து அனுப்பிய பிள்ளையிடம், பிறகு "அப்ஸ்கில் பண்ணிக்கோ" என்று வேறொரு வகுப்புக்குக் காசு கேட்கப்போகிறவர்களும் இவர்கள்தான். பேச வருகிறவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு வருகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார்கள். அவர்களில் பலர் பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்கள். தாங்கள் ஏறிவந்த படி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது, அதனால் அது தேவையில்லை என்று தோன்றுகிறது.

ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. எங்கே சார் நேரம்? யார் நடத்துவது? பழைய கிட்டைத் தூசுதட்டி எடுக்கச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுகிற பாடம் மொத்தம் பதினைந்து மணி நேரம்தான் இருக்கும், அதில் ஒரு வரி அசெம்பிளிகூட மாணவர் எழுதவேண்டாம். சி மொழி நடத்துகிற அதே செமஸ்டரில், அவர்கள் எழுதிய அதே பத்து வரி நிரல் எப்படி இறங்குகிறது என்று காட்டினால் போதும். மேட் காட்போல்ட் என்பவர் 2012இல் தொடங்கிய ‘கம்பைலர் எக்ஸ்ப்ளோரர்’ என்ற இலவசத் தளம் இருக்கிறது. இடதுபக்கம் சி எழுதினால் வலதுபக்கம் அசெம்பிளி வரும், எந்த வரி எதுவாக ஆனது என்று நிறம் போட்டுக் காட்டும். போனிலேயே திறக்கும். கணினி ஆய்வகத்தில் பாதி மானிட்டர் எரியாத கல்லூரிக்குக்கூட இது முடியும். ரிஸ்க்-5இன் அடிப்படைத் தொகுப்பில் இருப்பதே நாற்பது கட்டளைகள்தான். நம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் மனப்பாடமே செய்துவிடுவார்கள். மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

முதல் வாரம், ஃபார் லூப் எங்கே போய்த் தாவலாக மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். இரண்டாம் வாரம் அதையே வேகம் கூட்டிக் கம்பைல் செய்தால் லூப்பே காணாமல் போவதைப் பார்த்து அவர்களாகவே அதிர்ச்சியடைவார்கள், அந்த அதிர்ச்சிக்கு நான் உத்தரவாதம். பிறகு ஃப்ளோட், டபுள், முழு எண் மூன்றையும் ஊனோவுக்கும் மேசைக் கணினிக்கும் கம்பைல் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெட்டிகளை எண்ணலாம். தேர்விலும் ‘8085இன் கட்டமைப்பைப் படத்துடன் விளக்குக’ என்ற பதினாறு மார்க் கேள்வி வேண்டாம். இருபது வரி அசெம்பிளியைக் கொடுத்து, இது என்ன செய்கிறது, எங்கே தப்பு செய்யும் என்று கேட்டால் போதும். முதல் வருடம் பாதிப் பேர் தேறமாட்டார்கள். அதை நிர்வாகம் தாங்கிக்கொள்ள வேண்டும். தேர்ச்சி சதவிகிதத்தை நுழைவாயில் பேனரில் போடுகிற கல்லூரிகளுக்கு அது கஷ்டம்தான். ஆனால் அந்தப் பையன்கள் இரண்டு மாட்யூல் வாங்கிய காசைவிட அது பெரிய கஷ்டமில்லை.